ஆவாரை வந்த மார்கழி

எங்க கோழிக்கரட்டூர்ல நடந்ததைச் சொல்றேன், நம்பறவங்க நம்பலாம், நம்பாதவங்க ஒருக்கா வந்து எங்க வீதியில வாசப்படிக்கு முன்னால சிமெண்டு பூசி அடைச்ச ஓட்டைங்களைப் பாத்துட்டுப் போலாம், ஆனா சத்தம் போட்டு எண்ண வேண்டாம், எங்களுக்கு இன்னும் பயம் போகலை. என் பேரு துளசிமணி. பஸ் நிக்கற எடத்துக்குப் பக்கத்துல தையல் மிஷின் போட்டிருக்கறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு ஊருக்கே தெரியும், நடந்ததுல அந்த வாய்க்கும் பங்கு இருக்குது, அதனால மறைக்காமத்தான் சொல்லோணும்.

ஆவாரம்பூ எங்களுக்கு வேத்து ஆளு இல்ல. தை பொறக்கறதுக்கு மொத நாள் பொழுதோட ஆவாரம்பூவு, பூளைப்பூவு, வேப்பங்கொழை மூணையும் சேத்துக் கட்டி, வீட்டுக் கூரை எறவாணத்துல, மாட்டுக்கொட்டாய்ல, கெணத்துமேட்டுல, காட்டுல நாலு மூலைக்கும் சொருகினாத்தான் எங்களுக்குப் பொங்க நோம்பியே ஆரம்பம், அதுக்குக் காப்புக் கட்டறதுன்னு பேரு. அந்த வருசத்துல சாவு விழுந்த வீட்டுல மட்டும் கட்டக் கூடாது. கரட்டு மேல ஆடு கூடக் கடிக்காம ஏக்கர் கணக்குல பூத்துக் கெடக்கற செடி அது, வருசத்துல ஒரு நாள் நாங்க ஏறிப் போய் ஒடிச்சுட்டு வருவோம், மத்த நாளெல்லாம் அது அங்க, நாங்க இங்க.

அந்த மார்கழி மொத நாள் வெடியால, ராக்கியப்பன் வீட்டு மருமக கோலம் போடறதுக்கு வாளியோட வந்து கதவைத் தொறந்தா, வாசப்படிக்கு ஒரு முழம் முன்னால, போன வருசந்தான் போட்ட சிமெண்டுத் தளத்தைப் பொளந்துக்கிட்டு ஒரு ஆவாரஞ்செடி நின்னுச்சு, முட்டி ஒசரம், அடி முத்தி, கொத்துக்கொத்தா மஞ்சளாப் பூத்து, அங்கயே பத்து வருசம் வளந்த மாதிரி நின்னுச்சு. அவ ஒண்ணும் சத்தம் போடலை, செடியைச் சுத்தித் தண்ணி தெளிச்சு, அதையும் உள்ள வெச்சே கோலத்தைப் போட்டுட்டுப் போயிட்டா. ராக்கியப்பனுக்குச் சக்கரை வியாதி, ஆவாரம்பூ டீ நல்லதுன்னு ஆரோ சொல்லியிருக்கறாங்க, கரட்டுக்கு ஏற முடியாத மனுசனுக்கு வாசல்லயே பூத்தா வுடுவாரா, தெனமும் ரெண்டு கொத்துப் பறிச்சுக் கொதிக்க வெச்சுக் குடிச்சாரு. ஆறாம் நாள் கடைசிக் கொத்தைப் பறிச்சாரு, டம்ளரைக் கீழ வெக்கறதுக்குள்ள சாஞ்சுட்டாரு. எம்பது வயசு, ஆரும் எதையும் முடிச்சுப் போடலை.

ரெண்டாவது செடி நல்லசிவம் வீட்டு வாசல்ல வந்துச்சு. அவன் முன்கோபக்காரன், மம்புட்டியை எடுத்து ஒரே வெட்டா வேரோட புடுங்கித் தூக்கிக் குப்பையில வீசுனான், மத்தியானச் சோத்துக்கு அவன் இல்ல. மூணாவது பாவாயி கெழவி வீட்டுல. பூ ஒவ்வொண்ணா உதுரறதைப் பாத்துட்டு ஊரே கெழவியைப் பாத்துச்சு, கெழவி கட்டிலை வாசலுக்குப் பொறத்தால திருப்பிப் போட்டுப் படுத்துக்கிட்டு, "எனக்கில்ல, என்னை எதுக்குப் பாக்கறீங்க, இன்னும் ரெண்டு வெள்ளாமை பாக்காமப் போக மாட்டேன்" அப்படின்னுது. கடைசிப் பூ விழுந்த அன்னைக்குக் குளிக்கப் போன மருமக திரும்பி வரலை, இருபத்திநாலு வயசு, ரவிக்கை தைக்க என்கிட்டக் குடுத்த துணி இன்னும் பெட்டியில இருக்குது. ஆஸ்பத்திரியில எல்லாத்துக்கும் மாரடைப்புன்னுதான் எழுதினாங்க. காட்டிலாகா ஆள் ஒருத்தரு வந்து ரெண்டு எலையைக் காயிதத்துல மடிச்சுட்டுப் போனாரு, தாலுக்கா ஆபீசுக்காரரு செடி நிக்கறது பட்டா நெலத்துலயா பொறம்போக்குலயான்னு கேட்டு எழுதிக்கிட்டாரு.

நாலாவது வீட்டுலதான் எங்களுக்கு வழி தெரிஞ்சுது. லாரி ஓட்டி ஓஞ்ச குப்பண்ணன் வீடு. பேரனுக்குக் காச்சல் அடிச்சுட்டு இருந்துச்சு, மனுசன் குளிச்சு வேட்டி மாத்திக்கிட்டு, ஒரு சொம்புத் தண்ணியைச் செடி மூட்டுல ஊத்தி, "இந்த வீட்டுல வேற ஆருக்கும் இல்லீங்க, குப்பண்ணனுக்குத்தான்" அப்படின்னு ஆபீசர்கிட்டச் சொல்ற மாதிரிச் சொன்னாரு. காலையில பத்து மணி, நல்ல வெயிலு, பொழுது எறங்கினா எப்படி எலையை மூடுமோ அப்படி அந்தச் செடி அத்தனை எலையையும் மூடிக்கிச்சு. பூ மட்டும் நாளுக்கு ஒரு கொத்தா உதுந்து, நாலாம் நாள் அவரு போனாரு, பேரனுக்குக் காச்சல் வுட்டுருச்சு. எலை மூடினா செடி ஒத்துக்கிச்சுன்னு அர்த்தம்னு நாங்களே புரிஞ்சுக்கிட்டோம்.

அன்னையிலிருந்து அது மொறையாயிருச்சு. செடி வந்த வீட்டுல குளிச்சுட்டுத்தான் தண்ணி ஊத்தோணும், பேரை ஒருக்காத்தான் சொல்லோணும், வெளியாளுக பேரைச் சொல்லக் கூடாது. அந்த வீட்டு ஆளுன்னா ஆருன்னு கோயில் மரத்தடியில கூடிப் பேசினப்ப, கட்டிக் குடுத்த புள்ளை சேத்தியா, திருப்பூர்ல வேலை பாக்கற மகன் சேத்தியான்னு ஆளுக்கு ஒண்ணு பேசி, கடைசியில ரேஷன் கார்டுல ஆரு பேரு இருக்குதோ அவங்க சேத்தின்னு முடிவாச்சு. பக்கத்தூருக்காரங்க சிரிப்பாங்க, ஆனா நாங்க அன்னைக்கு அப்படித்தான் முடிவு பண்ணினோம். அதுக்கப்பறம் பயம் வேற மாதிரி ஆயிருச்சு. அதுவரைக்கும் செடியைப் பாத்துப் பயந்தவங்க, இப்ப வீட்டு ஆளைப் பாத்துப் பயந்தாங்க. பொம்பளை சொம்பெடுத்துட்டு வாசலுக்குப் போனா மாமியாரு பின்னாலயே போச்சு, மாமியாரு எடுத்தா புருசன் வந்து நின்னான், செடி வராத வீட்டுல கூடச் சொம்பை பீரோவுல வெச்சுப் பூட்டுனாங்க. மார்கழியில எங்க வீதியில கோலமே இல்லாமப் போச்சு, ஏன்னா கதவைத் தொறக்கறதுக்கு ஆரும் முந்த மாட்டேங்கறாங்க. கதவு தொறக்கறதுக்கு மின்ன ஒவ்வொரு வீட்டுலயும் உள்ளயிருந்தே ஜன்னல் வழியா எட்டிப் பாப்பாங்க, வாசல் வெறும் வாசலா இருந்தா அந்த வீட்டுல அன்னைக்குக் காப்பி கொதிக்கற வாசனை வரும், இல்லைன்னா ஒரு சத்தமும் வராது.

மார்கழி இருவதாம் தேதி கமலவேணி வீட்டுல சத்தம் வரலை.

கமலவேணி எனக்கு எதுத்த வீடு, தறிப்பட்டறைக்குப் போறவ, முப்பது வயசிருக்கும். வீட்டுல அவளும் எட்டு வயசு மக கோபிகாவுந்தான். புருசன் அர்த்தநாரி போர் போடற ரிக் வண்டியில வேலைக்கு வடக்க போனவன், மூணு வருசமா ஆளும் இல்ல, போனும் இல்ல. கூடப் போனவங்க, அங்க ஒரு விபத்துல பையன் ஒருத்தன் செத்தான், அன்னையிலிருந்து இவனைக் காணம்னு மட்டும் சொன்னாங்க. செத்துட்டான்னு ஊரு மொத வருசமே முடிவு பண்ணிருச்சு. இவ மட்டும் ஒத்துக்கலை. தை பொறக்கறதுக்கு மொத நாள் தானே கரட்டுக்குப் போய்ப் பூ ஒடிச்சுட்டு வந்து, ஸ்டூல் போட்டு ஏறி எறவாணத்துல காப்பைச் சொருகுவா. சாவு வீட்டுல காப்புக் கட்டக் கூடாதுன்னு பெரியவங்க போய்ச் சொன்னா, "எங்கூட்டுல ஆரும் சாவலைங்க" அப்படின்னு ஒரே வார்த்தையில முடிச்சுருவா. மூணு நோம்பிக்கு அப்படித்தான் கட்டுனா, மூணு நோம்பியும் அவ வீட்டைப் பாத்து நாங்க முணுமுணுத்தோம்.

அன்னைக்கு நான் போனப்ப அவ கதவுல சாஞ்சு ஒக்காந்திருந்தா. செடி நல்லாத் தழைஞ்சு, ஒரு பத்துப் பன்னெண்டு கொத்துப் பூவோட, அவளுக்கும் வீதிக்கும் நடுவுல நின்னுச்சு. புள்ளை பள்ளிக்கூடத்துக்குப் பொறப்பட்டு, பையை மாட்டிக்கிட்டு, செடியைத் தாண்டிப் போலாமா வேண்டாமான்னு தெரியாம நின்னுட்டிருந்துச்சு. "ஒண்ணும் யோசிக்காத அக்கா, எம் பேரைத்தான் சொல்லப் போறேன், நாலு நாள் கழிச்சு ஊத்தறேன், அதுக்குள்ள புள்ளைக்குக் கொஞ்சம் பழக்கி வுட்டர்றேன்" அப்படின்னு என்கிட்டச் சொன்னா. அவளைப் பெத்தவங்க இல்ல, அர்த்தநாரி பக்கமும் ஆரும் இல்ல, புள்ளையை ஆருகிட்ட வுடுவேன்னு நானும் கேக்கலை, அவளும் சொல்லலை.

பழக்குனா. பட்டறைக்கு லீவு போட்டுட்டு எட்டு வயசுப் புள்ளைக்குக் கேஸ் அடுப்புப் பத்த வெக்கச் சொல்லிக் குடுத்தா, சோறு வடிக்கச் சொல்லிக் குடுத்தா, கண்ணாடிக்கு முன்னால நிக்க வெச்சு ஒத்தச் சடை தானே பின்னச் சொல்லிக் குடுத்தா. எதுக்குன்னு அந்தப் புள்ளைக்குத் தெரியாது, பெரிய புள்ளையா ஆயிட்டோம்னு சந்தோசமா இருந்துச்சு. சடை மட்டும் வரவே இல்ல, பின்னலு பாதியில அவுந்து அவுந்து போச்சு, கை பின்னால எட்டலை. மூணாம் நாள் கஞ்சி வடிக்கறப்பச் சட்டி சரிஞ்சு மணிக்கட்டுல இருந்து மொழங்கை வரைக்கும் வெந்துருச்சு. அந்தப் புள்ளை அழுகலைங்க, அம்மா திட்டுவாளோன்னு பயந்துட்டு, சிந்தின சோத்தை வெந்த கையாலயே வாரி வாரிச் சட்டியில போட்டுட்டு இருந்துச்சு. அதைப் பாத்துட்டுக் கமலவேணி சமையக்கட்டுத் தரையில அப்படியே ஒக்காந்துட்டா.

நான் மருந்து போடப் போனவதான். போட்டுட்டுச் சும்மா வந்திருக்கலாம். "ஏம்புள்ள, உங் கார்டுல மூணு பேரு இருக்குதல்ல" அப்படின்னு கேட்டேன். அவ என்னையப் பாத்தா. "செத்த ஆளுக்கு மறுபடியும் சாவு வரவா போகுது, சாமி. அவன் பேரைச் சொல்லு. நீயும் இருப்ப, புள்ளையும் இருக்கும். ஆருக்கும் நட்டமில்ல" அப்படின்னு சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கறேன்.

அடுத்த நாள் காலையில குளிச்சு, ஈரத் தலையோட, சொம்பை ரெண்டு கையிலயும் புடிச்சுட்டு வந்தா. ஊரு தள்ளி நின்னுச்சு. தண்ணியை ஊத்தினா, காலிச் சொம்பைக் கீழ வெச்சா, அப்பறம் "அர்த்தநாரிக்கு" அப்படின்னு ஒரே ஒரு வார்த்தை. செடி எலையை மூடிக்கிச்சு. கூட்டத்துல அத்தனை பேரும் மூச்சு வுட்டாங்க, நானும் வுட்டேன், பாவம் புண்ணியவதி பொழைச்சுட்டான்னு பேசிட்டே கலைஞ்சாங்க. அவ மட்டும் அசையலை, மூடின எலையையே பாத்துட்டு நின்னா, அவ மூஞ்சியைப் பாத்தப்பறந்தான் எனக்கு ஒறைச்சுது. செத்தவனை வாங்கறதுக்கு அந்தச் செடி எதுக்கு எலையை மூடோணும்? அன்னையிலிருந்து ரெண்டு பேரும் வடக்க இருந்து வர்ற ஒவ்வொரு பஸ்ஸையும் பாத்துட்டுத்தான் இருந்தோம்.

பூ நாளுக்கு ஒரு கொத்தா, ரெண்டு கொத்தா உதுந்துச்சு. காப்புக் கட்டற நாள் வந்தப்ப ஒரே ஒரு கொத்துதான் மிச்சம். அந்த வருசம் ஆரும் கரட்டுக்கு ஏறலை, ஆவாரையே வேண்டாம், பூளைப்பூவும் வேப்பங்கொழையும் போதும்னு ஊருல சொல்லிட்டாங்க.

மத்தியானம் மூணு மணி பஸ்ஸுல அர்த்தநாரி எறங்குனான்.

தோள்ல ஒரு பை, கையில புள்ளைக்கு ஒரு பொம்மை, தாடி வெச்சு எளைச்சுப் போயிருந்தான், ஆனா அவனேதான். "துளசியக்கா, சௌக்கியமா" அப்படின்னு சிரிச்சான். என் காலு மிஷினை மிதிச்சுட்டே இருந்துச்சு, துணி ஊசிக்கு அடியில சுருண்டு போச்சு, எனக்கு வாய் வரலை, எனக்கே வாய் வரலை. டீக்கடையில கூப்புட்டு ஒக்கார வெச்சு டீ குடுத்தாங்க, காசு வாங்கலை. போற வழியில எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க, பாவாயி கெழவி அவன் கையைப் புடிச்சு முத்தம் குடுத்துச்சு, ஊரே பாசமா இருக்குதுன்னு அவன் கண்ணு தளும்பப் போனான். ஒருத்தராவது சொல்லியிருக்கலாம், ஆரும் சொல்லலை. சொன்னா என்னாகும்னு தெரியலை, சொல்லாட்டி என்னாகும்னு எல்லாத்துக்கும் தெரியும்.

அவங்க பேசினதை நான் எங்கூட்டு ஜன்னல்ல நின்னு கேட்டேன், அதையும் மறைக்கலை. அவன் வாசல்லயே நின்னு சொன்னான். "என் கையிலதான் லீவர் இருந்துச்சு கமலா. அந்தப் பையன் கீழ இருந்ததை நான் பாக்கலை. மொத ஆறு மாசம் பயந்துட்டு வரலை. அப்பறம் வெக்கப்பட்டுட்டு வரலை. எந்த மூஞ்சியை வெச்சுட்டு வர்றது. நாலஞ்சு நாளா என்னமோ நெஞ்சுக்குள்ள ஊருக்குப் போ, ஊருக்குப் போன்னு ஒரே அடி, நோம்பிக்கே வந்தரலாம்னு ஏறிட்டேன்." கோபிகா கதவுக்குப் பின்னால நின்னு எட்டிப் பாத்துச்சு, அதுக்கு அவனை அடையாளமே தெரியலை.

பொழுது சாயற நேரம், சாவு விழாத வீட்டுலயெல்லாம் காப்புக் கட்ட ஆரம்பிச்சிருந்தாங்க. அவன் மூஞ்சி கழுவிட்டு வந்து எறவாணத்தைப் பாத்தான். "என்ன புள்ள, பூளையும் வேப்பங்கொழையும் மட்டுந்தான் இருக்குது, ஆவாரை இல்லாமக் காப்பா? இந்தா, வாசல்லயே பூத்திருக்குதே" அப்படின்னு குனிஞ்சு கையை நீட்டுனான். கமலவேணி ஓடி வந்து அவன் கையை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டா.

"தொடாதீங்க மாமா."

"ஏன்?"

அவ சொன்னா. ராக்கியப்பன்ல இருந்து ஆரம்பிச்சு, ஒண்ணு வுடாம, சொம்பு வரைக்கும் சொன்னா. வீதியில காப்புக் கட்டிட்டிருந்தவங்க அத்தனை பேரும் ஸ்டூல் மேலயே அப்படியே நின்னாங்க. அவன் பொறுமையாக் கேட்டான். கேட்டு முடிச்சு, "சரி, செத்துட்டேன்னு நெனச்சுத்தான சொன்ன. அதுல உம் மேல என்ன தப்பு" அப்படின்னான்.

அங்க அவ ஆமான்னு சொல்லியிருக்கலாம். நான் ஜன்னல்ல நின்னு, ஆமான்னு சொல்லீரு, சொல்லீருன்னு வேண்டிக்கிட்டேன்.

"இல்லீங்க மாமா. ஊருதான் அப்படி நெனச்சுது. நீங்க உசுரோட இருக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். புள்ளைக்குச் சடை பின்னக் கூட வரலைங்க."

அவன் கதவுப் பக்கம் திரும்பி, புள்ளையோட கையில கட்டுப் போட்டிருந்ததைப் பாத்தான், கோணலாப் பின்னி நின்ன சடையைப் பாத்தான். "அது சரி. மூணு வருசம் நான் பண்ணாததை ஒரு நாளாவது பண்ணோணுமல்ல" அப்படின்னான். அவ கையை மெதுவா எடுத்து வுட்டான், குனிஞ்சான், அந்தக் கொத்தைப் பறிச்சான். அவ கத்தலை, தடுக்கலை. பூளையையும் வேப்பங்கொழையையும் உருவி அதோட சேத்துக் கட்டி, ஸ்டூல் போடாமயே எட்டி, தலைவாசல் எறவாணத்துல காப்பைச் சொருகினான். கயித்துக் கட்டிலை வாசல்ல இழுத்துப் போட்டு ஒக்காந்து, "இங்க வா கண்ணு, சடை எப்படிப் பின்றதுன்னு காட்டறேன், போன எடத்துல கயிறு திரிச்சுப் பொழைச்சவனுக்குத் தெரியாதா" அப்படின்னு கூப்புட்டான். புள்ளை போகலை, அம்மாவைப் பாத்துச்சு, அம்மா போன்னு கண்ணைக் காட்டினா, அப்பத்தான் போய் முதுகைக் காட்டி ஒக்காந்துச்சு. அவன் மூணு பிரியாப் பிரிச்சு, பொறுமையா, கடைசி வரைக்கும் பின்னி முடிச்சு, நுனியில ரப்பர் போட்டான். போட்ட கை புள்ளை தோள் மேலயே நின்னுருச்சு. கொஞ்ச நேரம் அப்பா கை வெச்சிருக்கறாருன்னு அது அசையாம ஒக்காந்திருந்துச்சு.

மறு நாள் வெடியால எந்த வாசல்லயும் செடி இல்ல, ஓட்டை மட்டும் இருந்துச்சு, எல்லாம் கரட்டு மேல பழையபடி நின்னுச்சு. சாவு வீட்டுல காப்பு இருக்கக் கூடாதுன்னு அவுக்கப் போனவங்களை ஊர்ப் பெரியவங்களே தடுத்துட்டாங்க, அவன் கட்டினது, காஞ்சு தானா விழட்டும்னு வுட்டாச்சு. எங்க ஊரு அதைப் பத்திப் பேசறதையும் வுட்டுருச்சு. கமலவேணி பட்டறைக்குப் போறா, வர்றா, சோறு ஆக்கறா, புள்ளைக்காகத்தான் இருக்கறேன்னு கேக்கறவங்ககிட்டச் சொல்றா.

ஆனா கோபிகா அன்னைக்குக் கதவுக்குப் பக்கத்துலதான நின்னுச்சு, எல்லாத்தையும் கேட்டுதான. கமலவேணி சொம்பெடுத்தா அந்தப் புள்ளை எங்க இருந்தாலும் எந்திரிச்சு ஓடீருது. அம்மா கையால தண்ணி வாங்கிக் குடிக்கறதில்ல, அம்மா அது பேரைச் சொல்லிக் கூப்புட்டா ரெண்டு காதையும் பொத்திக்குது, பொத்திக்கிட்டே வருது. கமலவேணி இப்பல்லாம் பேரைச் சொல்றதே இல்ல, பாப்பா பாப்பான்னுதான் கூப்புடறா, கூப்புட்டுட்டு மூஞ்சியைத் திருப்பிக்கறா. பள்ளிக்கூடம் வுட்டா புள்ளை நேரா என் வீட்டுக்குத்தான் வருது, தாகம்னா என்கிட்டத்தான் கேக்குது, என்னையத்தான் அது நம்புது.

போன வாரம் தண்ணியைக் கையில வாங்கிட்டு, குடிக்காம நின்னு கேட்டுச்சு. "பெரியம்மா, அப்பா பேரைச் சொல்லச் சொல்லி அம்மாவுக்கு ஆரு சொல்லிக் குடுத்தாங்க?"

எனக்குத் தெரியாது சாமின்னு சொன்னேன். அது என் மூஞ்சியையே பாத்துட்டிருந்துச்சு, அப்பறம் தண்ணியை அப்படியே கீழ வெச்சுட்டுப் போயிருச்சு.